கேட்டிலிருந்து பின்னறை வரை

பிப்ரவரி 4

தும்பிக்கு,

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. ‘வேறெங்கே போவாய், நம் வீட்டுக்கே வந்துவிடு’ என்று எழுதியிருந்த இடத்தை நாலைந்து தடவை படித்தேன். பக்கத்துக் கட்டில் தையல்காரம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். மாடிப்படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவள். கம்பு ஊன்றி நடக்கிறாள், வாய்க்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை. “தங்கச்சின்னா இப்படி இருக்கணும். எனக்கும் ஒண்ணு இருக்கு, அஞ்சு மாசத்துல ஒரு தடவை எட்டிப் பாக்கல” என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

போனில் பேசலாமே என்று கேட்டிருந்தாய். எங்கள் கட்டடத்தில் இருப்பது ஒரே போன். தாழ்வாரக் கோடியில், நிற்கிறவர்கள் உயரத்துக்குச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். முதுகு ஒடிந்தவர்கள் இருக்கிற இடத்தில் அதை அங்கே மாட்டிய புத்திசாலியை ஒருமுறை பார்க்க ஆசை. ஆகவே கடிதம்தான்.

டாக்டர் போன வாரம் முடிவாகச் சொல்லிவிட்டார். கால் இனி வராது. அச்சகத்தில் அந்தக் காகித உருளை என் முதுகில் சரிந்தபோதே எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஒருவர் வாயால் சொல்லிக் கேட்பது வேறு. கேட்டதும் முதலில் நினைவுக்கு வந்தது என் வாடகை அறை. மூன்றாவது மாடி, அறுபத்திரண்டு படி, லிஃப்ட் கிடையாது. பதினோரு வருடம் ஏறி இறங்கியிருக்கிறேன்.

இங்கே பிசியோ அம்மா ஒருத்தி இருக்கிறாள். வீட்டுக்கு அனுப்பும் முன் வீட்டைப் பற்றிப் போலீஸ்காரி மாதிரி விசாரிக்கிறாள். “வாசல்ல எத்தனை படி?” மூன்று என்றேன். “அப்ப எப்படி உள்ள போவீங்க?” பின்னறைக்குத் தோட்டத்துப் பக்கம் தனிக் கதவு இருக்கிறது, அங்கே படியே இல்லை என்றேன். அப்பா இருந்த அறை. எனக்கு அது தாராளம். “கேட்லருந்து அந்தக் கதவு வரைக்கும் தரை எப்படி?” என்றாள்.

நம் தோட்டத்தில் பாதை என்று ஒன்று எப்போது இருந்தது? மண்தான். மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவோம். இப்போது ஒன்று போட வேண்டும், தும்பி. நாலடி அகலம். வீட்டு மூலையில் திரும்புகிற இடத்தில் மட்டும் ஐந்தடி. எதைக்கொண்டு போடுவது என்று நீயும் விசாரித்து வை, நானும் இங்கே கேட்கிறேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை இவரையும் இழுத்துக்கொண்டு கல் கிடங்குக்குப் போனேன். கிடங்குக்காரர் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கல் குவியல்களுக்கு நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். “பாதையா? யார் நடக்கப் போறாங்க?” என்றார். “நடக்கறதுக்கு இல்லீங்க, உருளறதுக்கு” என்று இவர் பட்டென்று சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நீ அங்கே இருந்திருந்தால் நீதான் முதலில் சிரித்திருப்பாய்.

கருங்கல் பலகை ஆயுசுக்கும் அசையாதாம். சிமெண்ட் சதுரம் சீக்கிரம் போட்டுவிடலாமாம். செங்கல்லுக்குக் கைவேலை அதிகமாம். இவருக்கு வெள்ளைக் கூழாங்கல் மேல் ஒரு கண். அவருடைய மேலதிகாரி வீட்டு முன்னால் அதுதான் கொட்டியிருக்கிறதாம், நிலா காய்கிற மாதிரி இருக்குமாம். கவிஞராகிவிட்டார். “சரளைன்னா அரை நாள் வேலைங்க, கொட்டி நிரவிட்டுப் போயிடலாம்” என்றார் கிடங்குக்காரர். எல்லாவற்றிலும் ஒரு துண்டு வாங்கி வந்து அடுக்களைத் தரையில் வரிசையாக வைத்து, வெறுங்காலால் மிதித்து மிதித்துப் பார்த்தேன். உனக்கு எது சரிப்படும் என்று காலை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று பிறகுதான் உறைத்தது. நீயே சொல்.

பின்னறையைத் திறந்தேன். அப்பா போனதிலிருந்து மூன்று வருடமாகப் பூட்டியே கிடந்தது. கதவு உப்பிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இவர்தான் தோளால் இடித்துத் திறந்தார். தைல வாசனை இன்னும் அப்படியே இருக்கிறது. ஜன்னல்களைத் திறந்து போட்டுவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் நாற்காலி திரும்ப இடம் வேண்டுமானால் இரும்பு அலமாரியை அப்புறப்படுத்த வேண்டும். அதற்குள் உன் பழைய பெட்டி ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொன்றாக ஒழிக்கிறேன்.

தும்பி


மார்ச் 3

தும்பிக்கு,

நீ கல்லை மிதித்துப் பார்த்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். இங்கே எங்களுக்கும் அதுதான் பாடம். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு முற்றத்தில், பத்தடி நீளத்தில் வகைவகையாகத் தரை போட்டு வைத்திருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கு எங்களை வரிசையாக அதில் விடுவார்கள்.

புல் பார்ப்பதற்குத்தான் மெத்தை. உருட்டினால் தோள்பட்டை கழன்றுவிடும். கருங்கல் பலகை நன்றாகத்தான் இருந்தது, முந்தாநாள் மழை பெய்கிறவரை. சாய்வில் நாற்காலி தானாகப் பின்னால் போக ஆரம்பித்தது. நான் பிரேக்கைத் தேடுவதற்குள் சுவரில் இடித்து நின்றேன். சிமெண்ட் சதுரங்களுக்கு நடுவே அழகுக்கு இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு இடைவெளியும் முதுகில் ஒரு குட்டு. மரப்பலகை, ரயில் பாலம் தாண்டுகிற மாதிரி சத்தம் போடுகிறது, எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நம் தோட்டத்துக் கரையானுக்கும் பிடிக்குமே.

கடைசியில் சரளை. முன்னால் இருக்கிற இரண்டு சின்னச் சக்கரமும் புதைந்துகொண்டன. வீம்புக்கு வேகமாகத் தள்ளினேன். நாற்காலி நின்றது, நான் நிற்கவில்லை. வாயெல்லாம் கல். தையல்காரம்மா முதலில் சிரித்தாள், பிறகு அவளே உட்கார்ந்து அழுதாள். பிசியோ அம்மா உடனே தூக்கவில்லை. என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, “வீட்டுல இப்படி விழுந்தா யார் தூக்குவா?” என்று கேட்டாள்.

“என் தங்கச்சி” என்றேன்.

ஆகவே செங்கல்தான். மாப்பிள்ளையிடம் நிலாவை மறந்துவிடச் சொல். நன்றாக வெந்த, மூலை உடையாத செங்கல்லாகப் பார்த்து வாங்கு. அடியில் மணலை இறுக்கித் தட்டி, அதன்மேல் ஒன்றோடொன்று ஒட்டிப் பதிக்க வேண்டும். இரண்டு பக்க ஓரத்திலும் செங்கல்லைக் குத்தாக நிறுத்தினால் சக்கரம் வெளியே இறங்காது. தண்ணீர் ஓட வாட்டம் வேண்டும், ஆனால் கைக்குத் தெரியாத அளவுக்கு. மேஸ்திரி ஒவ்வொரு வரிக்கும் ரசமட்டம் வைத்துப் பார்க்கிறாரா என்று நீ பக்கத்தில் நின்று பார்.

என் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகிறேன். உனக்கும் சம்மதம்தானே?

அக்கா


மார்ச் 29

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்பு சரியில்லை. பெரிதாக ஒன்றுமில்லை.

செங்கல் வந்து இறங்கியது. மேஸ்திரி வேலை ஆரம்பித்துவிட்டார். நீ எழுதிய அளவுகளைச் சொல்லியிருக்கிறேன். பின்னறை ஒழித்தாயிற்று. உன் பெட்டியையும் திறந்து பார்த்தேன்.

வேறு விசேஷம் இல்லை.

தங்கை


ஏப்ரல் 10

தும்பிக்கு,

உடம்புக்கு என்ன? ஒன்றுமில்லை என்று நீ எழுதினால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ‘தும்பி’ என்று போடாமல் ‘தங்கை’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நாள் முழுக்கப் பிழை திருத்திச் சம்பாதித்தவள் நான், இதெல்லாம் கண்ணில் படும். மாப்பிள்ளைக்கு நான் வருவதில் ஏதாவது வருத்தமா? இருந்தால் எழுது. நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

அறையைக் காலி செய்துவிட்டேன். நான் போக முடியாதே, அச்சகத்து ஆட்கள் இரண்டு பேர் போய் எல்லாவற்றையும் இறக்கினார்கள். புத்தக அலமாரியை எதிர்வீட்டு டீச்சருக்கும், கட்டிலை வீட்டுக்காரருக்கும் கொடுத்துவிட்டேன். மிச்சம் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு தலையணை. சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது வீட்டுக்காரர், “நல்லா யோசிச்சீங்களா?” என்று கேட்டனுப்பினாராம். தங்கச்சி வீடு இருக்கிறது, பாதையெல்லாம் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லச் சொன்னேன்.

பாதை முடிந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்க்காமல் பிசியோ அம்மா கையெழுத்துப் போட மாட்டாளாம். மே கடைசிக்குள் இங்கே கட்டிலைக் காலி செய்ய வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

பாதை வேலை முடிந்தது. நீ சொன்னபடியே செங்கல். மீன்முள் மாதிரி சாய்த்துச் சாய்த்துப் பதித்திருக்கிறார். ஓரத்தில் குத்துக்கல்லும் நிறுத்தியாயிற்று. மூலையில் ஐந்தடி இருக்கிறது.

இவருக்கு உன் மேல் வருத்தம் எதுவும் இல்லை. அவர் நல்லவர்.

படம் அனுப்புகிறேன்.

தங்கை


மே 6

படம் இத்துடன். இவருடைய பழைய கேமராவில் எடுத்தது, கறுப்பு வெள்ளைதான். பாதை முழுவதும் விழவேண்டும் என்று மொட்டை மாடியிலிருந்து எடுத்தேன்.

தங்கை


மே 16

படம் வந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். உறையைப் பிரித்து முதலில் வீட்டைப் பார்த்தேன். பின்னறை ஜன்னலைப் பார்த்தேன், புதுத் திரை போட்டிருக்கிறாய். கேட்டிலிருந்து மூலை வளைந்து கதவு வரை சாம்பல் நிறத்தில் நாடா மாதிரி பாதை. கண் கலங்கிவிட்டது. தையல்காரம்மா, பத்தாம் கட்டில்காரி, ஆயாவம்மா எல்லோருக்கும் காட்டினேன். “ராஜபாட்டைதான் போ” என்றார்கள்.

அப்புறம்தான் நன்றாகப் பார்த்தேன். பாதை நடுவில் ஒரு கோடு. கேட்டிலிருந்து கொஞ்ச தூரம் வரை ஒன்றுமில்லை, அதற்குமேல் கதவு வரை நீளமாக, கொஞ்சம் நெளிந்து, ஓரிடத்தில் ஆழமாக. பக்கத்தில் மேஸ்திரியின் தள்ளுவண்டி நிற்கிறது. அந்த வண்டியின் ஒற்றைச் சக்கரம் பதிந்த தடம் அது. ஏழு மாதமாகச் சக்கரத்தோடு வாழ்கிறவள் நான். செங்கல்லில் தடம் விழாது.

பிசியோ அம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். “சரளைங்க இது. நீங்க சொல்லலியா அவங்ககிட்ட?” என்றாள். சொல்லியிருப்பேன், மறந்திருப்பேன் என்று உளறினேன். உன்னை அவளிடம் விட்டுக்கொடுக்க அப்போதும் எனக்கு மனம் வரவில்லை பார். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று கட்டிலுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்து முதலிலிருந்து படித்தேன். ‘மீன்முள் மாதிரி சாய்த்துச் சாய்த்து.’ தவறு செய்கிறவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். உட்கார்ந்து யோசித்து எழுதிய வரி அது.

ஏன் என்று மட்டும் சொல். வராதே என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் வராமல் இருந்திருப்பேன். அறையை விட்டிருக்க மாட்டேன். படி ஏற முடியாவிட்டாலும் அதை வைத்து வீட்டுக்காரரிடம் கீழ் அறை ஒன்று கேட்டிருப்பேன், கெஞ்சியிருப்பேன். என் கட்டில்கூட இப்போது என்னிடம் இல்லை. நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பதை எழுத எழுத, நீ அங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

சரளையில் நான் விழுந்ததை உனக்கு மட்டும்தான் எழுதினேன். வேறு யாருக்கும் எழுதவில்லை.


மே 31

அக்காவுக்கு,

ஏன் என்று கேட்டாய். சொல்கிறேன்.

மார்ச் மாதம் மேஸ்திரி வேலை ஆரம்பித்த அன்று, அவர் கேட்டுப் பக்கம் செங்கல் பதித்துக்கொண்டிருந்தார், நான் பின்னறையில் உன் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். எலி கடித்ததை எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைத் துடைத்து வைக்கலாம் என்றுதான் திறந்தேன். அடியில் அச்சகத்தின் நியமனக் கடிதம் இருந்தது. நிரந்தரப் பணி என்று போட்டு, ஒப்புக்கொள்கிறேன் என்று உன் கையெழுத்து. தேதி, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்றாவது வாரம்.

நீ என்னிடம் என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. அடுக்களையில் நின்றுகொண்டு சொன்னாய். “ஒரே ஒரு வருஷம் தும்பி. பயிற்சிதான். முடிஞ்சதும் வந்து அப்பாவைப் பாத்துக்கறேன், நீ படிக்கப் போ.” மருந்தாளுநர் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. நான் போய்க் கல்லூரி முதல்வரைப் பார்த்து அழுதேன். ஒரு வருடம் இடத்தை வைத்திருக்கிறோம் என்றார். ஒரு வருடம் முடிந்தபோது நீ இன்னும் ஆறு மாதம் என்று எழுதினாய். அப்புறம் நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. எட்டு வருடம். இடையில் இரண்டு முறை வந்தாய், இரண்டு முறையும் நாலாம் நாள் கிளம்பிவிட்டாய்.

அதற்கெல்லாம் நான் உன்மேல் கோபப்பட்டதில்லை என்று சொன்னால் நம்புவாயா? வேலை அப்படி, பாவம், மாட்டிக்கொண்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். அப்பா ‘பெரியவ எங்க?’ என்று குழறும்போதெல்லாம் அதையே சொன்னேன். அந்தக் காகிதத்தைப் பார்க்கிறவரை நீ மாட்டிக்கொண்டாய் என்றே நினைத்திருந்தேன். நீ போகும்போதே திரும்பாமல்தான் போயிருக்கிறாய்.

வெளியே வந்தேன். மேஸ்திரி எட்டடி முடித்திருந்தார். பாதை எங்கே போய் முடியும் என்று பார்த்தேன். அதே அறை, அதே கதவு. மறுபடியும் ஒருவரைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, திருப்பிப் படுக்க வைத்து, எனக்கு ஐம்பது வயதாகிவிடும். “நிறுத்துங்க, மிச்சத்துக்குச் சரளை கொட்டிடுங்க” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஏம்மா, சக்கர நாற்காலி வரும்னு சொன்னீங்களே?”

“வராது” என்றேன்.

உனக்கு எழுதியிருக்கலாம். எழுத உட்கார்ந்தேன். உனக்கும் சம்மதம்தானே என்று கேட்டிருந்தாயே, அதில் ‘இல்லை’ என்று சொல்ல எனக்கு எங்கே இடம் விட்டிருந்தாய்? அதைவிட மோசமானதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு வருடத்தை நம்பி உட்கார்ந்திருந்த மாதிரி நீயும் செங்கல்லை நம்பி வா, கேட்டில் வந்து நில், அப்போது தெரியட்டும் என்று நினைத்தேன். ஒரு மாதம் முழுக்க அப்படி நினைத்துக்கொண்டுதான் சமைத்தேன், துவைத்தேன். நீ அறையைக் காலி செய்துவிட்டேன் என்று எழுதியபோதும் வாயைத் திறக்கவில்லை.

படம் எடுக்கும்போது அந்தத் தடத்தைப் பார்த்தேன். கீழே இறங்கிப் போய்க் காலால் தேய்த்துவிட்டு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. உனக்குத் தெரியட்டும் என்றா, தெரியாது என்ற துணிச்சலா, எனக்கே சொல்லத் தெரியவில்லை.

இவருக்கு ஒன்றும் தெரியாது. நீதான் மனம் மாறிச் சரளை கேட்டாய் என்று சொல்லியிருந்தேன். நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

தும்பி


ஜூன் 14

தும்பிக்கு,

காகிதம் உண்மைதான். தேதியும் உண்மைதான்.

அப்பாவை முதல் வாரம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து குளிப்பாட்டினோம். நீ பேசிக்கொண்டே செய்தாய். நான் செம்பை உன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து அச்சகத்திலிருந்து கடிதம் வந்தது. திரும்ப மாட்டேன் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். உண்மையைச் சொன்னால் நீ என்னைப் போக விடமாட்டாய், அதனால் ஒரு வருடம் என்றேன். முதல்வர் ஒரு வருடம் இடம் வைத்திருப்பார் என்று நீ சொன்னபோது நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. இதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதினால் உனக்கு என்ன ஆகப்போகிறது? எட்டு வருடமும் வராது, படிப்பும் வராது. ஆனாலும் கேட்கிறேன்.

ஆனால் தும்பி, இதையும் சொல்ல வேண்டும். நான் உன்னை ஏமாற்றியபோது உனக்கு நிற்கக் காலும் இருக்க வீடும் இருந்தன. நீ என்னை ஏமாற்றியது எனக்கு இரண்டும் இல்லாதபோது. பெட்டியைத் திறந்த அன்றே என்னை நாலு வார்த்தை திட்டி எழுதியிருந்தால், இந்தக் கட்டிலில் படுத்து அழுதிருப்பேன், அது எனக்கு வேண்டியதுதான். நீ என்னைத் திட்டவில்லை. என் கையாலேயே என் அறையைக் காலி செய்ய விட்டாய்.

யார் செய்தது பெரிது என்று நான் தராசு பிடிக்கவில்லை. பிடித்தால் என் தட்டுத்தான் தாழும் என்று தெரியும். ஆனாலும் வலிக்கிறது.

தையல்காரம்மா வீடு தெருவை ஒட்டி ஒற்றைத் தளம். முன்னறையில் தையல் மிஷின், பின்னால் ஒரு அறை சும்மா கிடக்கிறது. “உன் தங்கச்சியும் என் தங்கச்சியும் ஒண்ணாப் போச்சு, வா” என்றாள். மே கடைசியில் காலி செய்ய வேண்டிய கட்டிலுக்குப் பிசியோ அம்மா இரண்டு வாரம் தவணை வாங்கித் தந்திருந்தாள், நாளை அங்கே போகிறேன். அச்சகத்தில் பிழை திருத்த வேண்டிய தாள்களை வீட்டுக்கே அனுப்புகிறேன் என்றிருக்கிறார்கள். விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது. பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அக்கா


ஜூலை 20

அக்காவுக்கு,

மேஸ்திரி போன வாரம் வந்தார். “மிச்சச் செங்கல் மழையில நனைஞ்சு பாசி புடிக்குதும்மா. விக்கிறீங்களா, என்ன செய்யறீங்க?” என்று கேட்டார். சரளையை வாரச் சொன்னேன். மூன்று நாள் வாரினார்கள். நானும் கூடை எடுத்துக்கொண்டு போனேன். ஆள் தேவை என்பதற்காக இல்லை, சும்மா நின்று பார்க்க முடியவில்லை. இப்போது கதவு வரை செங்கல். ரசமட்டம் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். மீன்முள் எல்லாம் இல்லை, நேர் வரிசைதான். படம் அனுப்பவில்லை. என் படத்தை நீ நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

இதைப் பார்த்து நீ வந்துவிடுவாயோ என்று பயமாகவும் இருக்கிறது. அதனால் இப்போதே எழுதுகிறேன். உன்னை வைத்துப் பார்த்துக்கொள்ள என்னால் முடியாது. மனம் இல்லை என்பது இல்லை, முடியாது. அப்பாவோடு அது தீர்ந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஜனவரியில் ‘வந்துவிடு’ என்று எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டியது. தங்கச்சி அப்படித்தான் எழுத வேண்டும் என்று எழுதினேன்.

தும்பி


ஆகஸ்ட் 8

தும்பிக்கு,

பயப்படாதே. தங்க வரமாட்டேன். ‘முடியாது’ என்று நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வந்தது. ஆனால் இத்தனை மாதத்தில் நீ எழுதியதில் நான் சந்தேகப்படாத ஒரே வரி அது.

செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை, தையல்காரம்மாவின் அக்கா மகன் அந்தப் பக்கம் வேன் எடுத்துக்கொண்டு வருகிறான். என்னையும் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன். மதியம் வந்து மாலை திரும்பிவிடுவோம். சாப்பாடு ஒன்றும் செய்ய வேண்டாம். அப்பா இருந்த அறையைப் பார்க்க வேண்டும். அவர் போனபோதுகூட நான் அந்த அறைக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டேன். அது உனக்கும் தெரியும்.

அக்கா


செப்டம்பர் 23

அக்காவுக்கு,

நீ போய்ப் பத்து நாள் ஆகிறது. அன்று பேசாததையெல்லாம் இப்போது எழுதுகிறேன்.

வேன் நின்ற சத்தம் கேட்டு நான் கேட்டுக்கு ஓடி வந்தேன். உன் கை இவ்வளவு பலமாகிவிட்டது என்று எனக்குத் தெரியாது. தலை பாதி நரைத்திருக்கிறது. “மெலிஞ்சுட்டே” என்றாய். “நீயும்” என்றேன். அவ்வளவுதான் பேசினோம். இவர் பின்னால் வந்து நாற்காலியைப் பிடிக்கப் போனார், “வேண்டாம் மாப்பிள்ளை, பாதைதான் நல்லா இருக்கே” என்றாய். அதை நீ எந்த அர்த்தத்தில் சொன்னாய் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூலையில் திரும்பும்போது நின்றாய். குனிந்து செங்கல்லைத் தொட்டுப் பார்த்தாய். விரலை மடியில் துடைத்துக்கொண்டு நாற்காலியை நகர்த்தினாய்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். ஒரு மணி நேரம். உன்னோடு வந்த தையல்காரம்மா வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். “வேணாம்” என்றார். உள்ளே நீ அழுகிற சத்தம் கேட்டது. எழுந்து கதவு வரை வந்தேன். என் கை கைப்பிடியில் இருந்தது. அப்பா இருந்த எட்டு வருடமும் அந்த அறைக்குள் சத்தம் கேட்டால் ஓடியிருக்கிறேன். அன்றைக்குத்தான் திறக்கலாமா என்று யோசித்து நின்றேன், திறக்காமல் வந்துவிட்டேன்.

கிளம்பும்போது நானாவது தள்ளட்டுமா என்று கேட்டேன். “நான் பாத்துக்கறேன்” என்றாய், மரியாதையாக, வேற்று வீட்டுக்காரியிடம் சொல்கிற மாதிரி. நான் உன் பின்னாலேயே நடந்தேன். கேட்டைத் திறக்க மட்டும் என்னை விட்டாய்.

அடுத்த தடவை எப்போது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் நீ ஏதாவது ஒரு தேதி சொல்வாய், நான் அதை நம்ப வேண்டியிருக்கும், அதனால் கேட்காமல் விட்டேன். இப்போது கேட்கிறேன். தேதி வேண்டாம். இனி வருவாயா, மாட்டாயா? என் மனசு நோகாமல் இருக்க எதையும் எழுதாதே.

தும்பி


அக்டோபர் 5

தும்பிக்கு,

தெரியவில்லை. மறைக்கவில்லை, உண்மையாகவே தெரியவில்லை.

அக்கா